தலையில் அடிபட்ட பிறகு மூளைக்குள் என்ன நடக்கிறது? கிளியா செல்கள், சைட்டோகைன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் காட்பாடியில் மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். என் தம்பி பள்ளிகொண்டா பக்கம் பைபாஸில் வண்டியோடு விழுந்து பத்தொன்பது நாள் ஐசியூவில் கிடந்தான். அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது டாக்டர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் எழுதி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து படிப்பேன். கூட உட்கார்ந்திருந்தவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள், அப்புறம் தெருவில், அப்புறம் என் பழைய மாணவர்கள். ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வந்தன, அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து, ஆபரேஷன் எல்லாவற்றிலும் முடிவு உங்கள் டாக்டருடையது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அவர் சொல்வது கொஞ்சம் புரியும், அதற்காகத்தான் இது.

கிளியா கிளியான்றீங்களே டீச்சர், அது இன்னா, நரம்பா?

நரம்பு இல்லை, நரம்பின் கூடவே வாழ்கிற செல்கள். மூளையில் சேதி கடத்தும் செல்லுக்கு நியூரான் என்று பெயர். அந்த நியூரானுக்குச் சோறு போட்டு, குப்பை அள்ளி, காவல் காத்து, அதன் நீண்ட இழைக்கு உறை போட்டுக் கொடுக்கிற செல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து கிளியா என்று பெயர். 1856-ல் ருடால்ஃப் விர்ச்சோ வைத்த பெயர் அது, கிரேக்கத்தில் பசை என்று அர்த்தம். வெறும் ஒட்டுப்பசை என்றுதான் அவர் காலத்தில் நினைத்தார்கள். நியூரானைவிடப் பத்து மடங்கு கிளியா என்று நானே பல வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், அது தப்பு. எண்ணிப் பார்த்ததில் நியூரான் சுமார் 8,600 கோடி, கிளியாவும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்துக்கு மூன்று வகை தெரிந்தால் போதும். ஆஸ்ட்ரோசைட், நட்சத்திரம் மாதிரி கிளை விரித்தது, ஒரு பக்கம் ரத்தக்குழாயைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பக்கம் நியூரான்கள் சந்திக்கும் இடத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கும். ஒலிகோடென்ட்ரோசைட், நியூரான் இழைமேல் மயலின் என்ற கொழுப்பு உறையைச் சுற்றுவது. மூன்றாவது மைக்ரோகிளியா, மூளைக்குள்ளேயே குடியிருக்கும் காவல் செல், 1919-ல் ஸ்பெயின்காரர் பியோ டெல் ரியோ ஒர்த்தேகா இதைத் தனி வகை என்று காட்டினார். இதன் பூர்வீகம் மற்ற இரண்டையும் போல இல்லை, கரு உருவாகும் ஆரம்ப நாட்களில் கருவுணவுப் பையிலிருந்து கிளம்பி மூளைக்குள் வந்து தங்கிவிட்ட கூட்டம்.

சைட்டோகைன்னு ரிப்போர்ட்டுல போட்டிருக்கு. அது கிருமியா?

கிருமி இல்லை. நோயெதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் புரதச் சேதி. அனுப்பும் செல் அதை வெளியே விடும், அதற்கான ஏற்பி உள்ள செல் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு தன் நடத்தையை மாற்றிக்கொள்ளும். பெரும்பாலும் பக்கத்துச் செல்களுக்குத்தான் போகும், அளவு அதிகமானால் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகும்.

தலைக்காயத்தில் அடிக்கடி பேசப்படுபவை இன்டர்லூக்கின்-1, டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6, பிறகு அமர்த்தும் வேலை செய்கிற இன்டர்லூக்கின்-10, டிஜிஎஃப்-பீட்டா. இந்தப் பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இவை அடிபட்டவர் உடம்பில் மட்டும் இருப்பவை இல்லை. ஆரோக்கியமான மூளையிலும் சிறு அளவில் இருக்கின்றன. ஆஸ்ட்ரோசைட் விடுகிற கொஞ்சம் டிஎன்எஃப், நியூரான்களுக்கு இடையிலான இணைப்பின் வலிமையைச் சரி செய்ய உதவுகிறது.

அடிபட்ட உடனே உள்ள இன்னாதான் நடக்குது? ஒண்ணு ஒண்ணா சொல்லுங்க.

உடைந்த செல்லிலிருந்து ஏடிபி, எச்எம்ஜிபி1 போன்ற பொருட்கள் வெளியே கொட்டுகின்றன. இவை செல்லுக்குள் இருக்க வேண்டியவை, வெளியே தென்பட்டால் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் கவனிப்பது மைக்ரோகிளியா. 2005-ல் உயிருள்ள எலியின் மூளையை விசேஷ நுண்ணோக்கியில் பார்த்தபோது, சும்மா இருக்கும் நேரத்தில்கூட மைக்ரோகிளியா தன் மெல்லிய கைகளை நீட்டி மடக்கி அக்கம்பக்கத்தைத் தடவிக்கொண்டே இருப்பது தெரிந்தது. லேசரால் ஒரு புள்ளியில் சின்னக் காயம் செய்தார்கள், சில நிமிஷங்களில் சுற்றியிருந்த எல்லா மைக்ரோகிளியாவின் கைகளும் அந்தப் புள்ளியை நோக்கிப் போய் அதை மூடிவிட்டன. எனக்கு இந்த விஷயம் படிக்கும்போதே கண் கலங்கியது, தம்பி தலைக்குள் அந்த நேரத்தில் யாரோ வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்று தோன்றியது.

அடுத்து மைக்ரோகிளியா சைட்டோகைன் விடும். இன்டர்லூக்கின்-1 பீட்டா முதலில் வேலைக்கு ஆகாத முழு நீளப் புரதமாகத் தயாராகும், பிறகு காஸ்பேஸ்-1 என்ற நொதி அதை வெட்டினால்தான் செயல்படும். அதாவது தப்பான நேரத்தில் கிளம்பாதபடி ஒரு பூட்டு. அது திறந்தால், சில மணி நேரத்துக்குள் இன்டர்லூக்கின்-1, டிஎன்எஃப் இரண்டும் ஆஸ்ட்ரோசைட்டைப் போய்த் தட்டும். ஆஸ்ட்ரோசைட் பருக்கும், ஜிஎஃப்ஏபி என்ற இழைப்புரதத்தை அதிகமாகச் செய்யும், தானும் இன்டர்லூக்கின்-6, சிசிஎல்2 போன்றவற்றை விடும். சிசிஎல்2 என்பது ரத்தத்திலிருக்கும் மோனோசைட் என்ற வெள்ளையணுக்களை "இங்கே வா" என்று கூப்பிடும் சேதி. ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் முதல் ஒன்றிரண்டு நாளிலேயே வந்துவிடும், மோனோசைட்டுகள் பின்னாலேயே சேரும்.

இன்டர்லூக்கின்-1 காயத்துக்குப் பிறகு ஆஸ்ட்ரோசைட்டுகளைப் பெருக வைக்கிறது என்பது 1985-லேயே காட்டப்பட்டது. நாற்பது வருஷமாகத் தெரிந்த கதை.

முதல் நாள் ஸ்கேன்ல பெருசா ஒண்ணுமில்லன்னாங்க. மூணாம் நாள் வீக்கம்ன்றாங்க. யார் தப்பு?

பெரும்பாலும் யார் தப்பும் இல்லை. இந்தக் கேள்வியில் கோபம் இருக்கும், எனக்கும் இருந்தது. அடி விழுந்த நொடியில் உடைந்தது ஒரு காயம், மேலே சொன்ன தொடர் நிகழ்ச்சிகளால், அதாவது அழற்சியால், மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் வருவது இரண்டாவது காயம். சைட்டோகைன்கள் ரத்தக்குழாயின் தடுப்பைத் தளர்த்தும், நீர் உள்ளே கசியும், ஆஸ்ட்ரோசைட்டின் பாதங்களில் அக்வாபோரின்-4 என்ற நீர் வாய்க்கால் நிறைய இருப்பதால் அந்த செல்லே உப்பும். மண்டையோடு விரியாது. அதனால் உள்ளே அழுத்தம் ஏறும். மேனிட்டால், அடர் உப்புத் திரவம் எல்லாம் கொடுப்பது அந்த அழுத்தத்தைக் குறைக்கத்தான், சைட்டோகைனை நிறுத்த அல்ல.

ஒரு விஷயம் மட்டும் பிரித்துப் பாருங்கள். அடிபட்டு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில மணி நேரத்தில் மயக்கமானால் அது மண்டையோட்டுக்குள் ரத்தக்கட்டாக இருக்கலாம். அது அழற்சிக் கணக்கில் வராது, ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

எல்லா பிரச்சினைக்கும் இந்த டிஎன்எஃப்தான் காரணம்னா அதை மொத்தமா நிறுத்திட வேண்டியதுதானே?

ஆற்காட்டிலிருந்து வந்திருந்த ஒரு அப்பா கேட்டது. நியாயமான கேள்வி, ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் யோசித்தார்கள். டிஎன்எஃப் மரபணுவே இல்லாத எலிகளுக்குத் தலைக்காயம் ஏற்படுத்திப் பார்த்த ஆய்வு 1999-ல் வெளிவந்தது. முதல் சில நாட்களில் அந்த எலிகள் சாதாரண எலிகளைவிட நன்றாக நடந்தன. சில வாரம் போனதும் தலைகீழானது. சாதாரண எலிகள் தேறிக்கொண்டே வந்தன, டிஎன்எஃப் இல்லாதவை தேறாமல் நின்றுவிட்டன.

அதாவது அதே மூலக்கூறு முதல் வாரத்தில் கெடுக்கிறது, நான்காம் வாரத்தில் கட்டுகிறது. ஏன் என்றால் டிஎன்எஃப்புக்கு இரண்டு ஏற்பிகள். முதல் ஏற்பி வழியாகப் போகும் சேதி செல்லைச் சாகடிக்கக்கூடும், ஒலிகோடென்ட்ரோசைட்டுகள் அதில் சுலபமாகச் சாகும். இரண்டாவது ஏற்பி வழியாகப் போவது இளம் ஒலிகோடென்ட்ரோசைட்டுகளைப் பெருக்கி மயலினைத் திரும்பப் போட உதவும். எனவே நிறுத்துவதா வேண்டாமா என்பதைவிட, எப்போது, எந்த ஏற்பியில், எவ்வளவு நாள் என்பதுதான் கேள்வி. இந்த ஒரு பதிலை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வருவதெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

பக்கத்து பெட்காரருக்கு ஸ்டீராய்டு போட்டாங்க, நல்லாயிட்டார். எங்க பையனுக்கு ஏன் போடல?

பக்கத்து படுக்கையில் இருந்தவருக்கு வேறு நோயாக இருந்திருக்கும். மூளைக்கட்டியைச் சுற்றிய வீக்கத்துக்கும், காசநோய் மூளைக்காய்ச்சலுக்கும் ஸ்டீராய்டு உண்மையிலேயே உதவுகிறது. தலைக்காயத்துக்கு இல்லை. பல வருஷம் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு கிராஷ் என்ற பெரிய சோதனையில் பல நாடுகளில் 10,008 பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள், முடிவு 2004-ல் வந்தது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு போட்டவர்களில் 21.1 சதவீதம், போடாதவர்களில் 17.9 சதவீதம். அத்தோடு அந்தப் பழக்கம் நின்றது.

அழற்சியை ஒட்டுமொத்தமாக அமுக்குவது நல்லது என்ற எண்ணம் எவ்வளவு சுலபமாக வழி தவறும் என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி எனக்குத் தெரியாது. உங்கள் டாக்டர் போடவில்லை என்றால் அது அக்கறையின்மை இல்லை.

மஞ்சள் பால் குடுக்கலாமா? வீக்கம் வத்தும்னு எல்லாரும் சொல்றாங்க.

வாயால் சாப்பிடுகிறவருக்குச் சமையலில் இருக்கும் மஞ்சளால் கெடுதல் இல்லை. ஆனால் மஞ்சளின் குர்குமின் குடலில் மிகக் கொஞ்சமே உறிஞ்சப்படுகிறது. எலியில் நல்ல பலன் காட்டியதை வைத்து, தலைக்காயம் பட்ட மனிதருக்கு அது மருந்து என்று சொல்ல முடியாது. மூக்குக் குழாய் வழியாக உணவு போகிறவருக்கு டாக்டரையோ நர்ஸையோ கேட்காமல் கஷாயம், லேகியம், மஞ்சள் பால் எதையும் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். அது ஏன் மூளைக்கும் கெடுதல் என்று காய்ச்சல் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

மூளைக்குள்ள தழும்பு ஆயிடுச்சுன்னு சொன்னாங்க. அதை எடுக்க முடியாதா?

நம் வேலூர்க் கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அகழியும் மதிலும் இருப்பதால் உள்ளே நேராகப் போக முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். அதே மதில்தான் உள்ளே நடப்பது வெளியே பரவாமலும் வைத்திருந்தது. கிளியா தழும்பும் அப்படி. காயத்தைச் சுற்றி ஆஸ்ட்ரோசைட்டுகள் நெருக்கமாகக் கை கோத்து ஒரு வேலி போடுகின்றன. உள்ளே அழற்சி செல்கள் குப்பையை அள்ளிக்கொண்டிருக்கும், வெளியே இருக்கும் நல்ல திசுவுக்கு அந்தச் சண்டை பரவாது.

இந்தத் தழும்புதான் நரம்பு திரும்ப வளர்வதைத் தடுக்கிறது என்று ரொம்ப காலம் பாடம். ஆனால் எலிகளில் ஆஸ்ட்ரோசைட்டுகள் தழும்பு போடவிடாமல் தடுத்துப் பார்த்தபோது அழற்சி பரவியது, நியூரான்கள் அதிகம் செத்தன. 2016-ல் வந்த தண்டுவட ஆய்வு இன்னும் ஒரு படி போனது, தழும்பை அகற்றியும் நரம்பிழை வளரவில்லை என்பதோடு, தூண்டிவிட்டபோது வளர்ந்த இழைகளுக்கு அந்தத் தழும்பே துணையாகவும் இருந்தது. மதிலால் இடைஞ்சலே இல்லை என்று நான் சொல்லவில்லை. இடித்தால் சரியாகிவிடும் என்பது மட்டும் இல்லை.

எங்க புக்ல எம்1 கெட்டது, எம்2 நல்லதுன்னு இருக்கு மேடம். ஏ1, ஏ2ன்னும் இருக்கு. எது கரெக்ட்?

பார்மசி படிக்கும் ஒரு பழைய மாணவி கேட்டாள். பரீட்சைக்கு எழுத வேண்டியதை எழுது, ஆனால் மூளை அப்படி இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதில்லை. எம்1, எம்2 என்பது மைக்ரோகிளியா போன்ற காவல் செல்களின் நிலைகளுக்கு வைத்த பெயர், ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்லுக்கு ஓரிரண்டு தூண்டுபொருட்களை மட்டும் கொடுத்துப் பார்த்ததில் வந்தது. காயம்பட்ட மூளையில் ஒரு மைக்ரோகிளியாவுக்கு ஒரே நேரத்தில் பத்து சேதி வருகிறது, ஒரே செல் இரண்டு வகை அடையாளத்தையும் காட்டும்.

ஏ1, ஏ2 என்பவை ஆஸ்ட்ரோசைட்டின் நிலைகளுக்கு வைத்த பெயர்கள், அதில் ஏ1 கதை சுவாரசியமானது. 2017-ல் பென் பாரெஸ் என்ற நரம்பியல் விஞ்ஞானியின் ஆய்வுக்குழு, மைக்ரோகிளியா விடும் மூன்று பொருட்கள் சேர்ந்தால், அதாவது இன்டர்லூக்கின்-1 ஆல்ஃபா, டிஎன்எஃப், சி1க்யூ மூன்றும் சேர்ந்தால், ஆஸ்ட்ரோசைட் நியூரானைக் கொல்லும் நிலைக்கு மாறுகிறது என்று காட்டியது. ஆக, ஆஸ்ட்ரோசைட் தானாகக் கெட்டுப்போவதில்லை, பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்டு மாறுகிறது. அந்தக் கண்டுபிடிப்பு இன்றும் நிற்கிறது. ஏ1, ஏ2 என்ற இரட்டைப் பெயர் போதாது என்று 2021-ல் இந்தத் துறைக்காரர்கள் பலர் சேர்ந்தே எழுதிவிட்டார்கள்.

கிருமி இல்லன்னு சொல்லிட்டாங்க, ஆனா காய்ச்சல் மட்டும் வந்துகினே இருக்குது. அது எப்படி?

இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் மூன்றும், மூளைக்குள் உடம்புச் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் பகுதியில் புரோஸ்டாகிளான்டின் இ2 என்ற பொருளைச் சுரக்க வைக்கும், உடம்பின் சூட்டு அளவு மேலே போகும். கிருமி இல்லாமலே காய்ச்சல் வர இது போதும். ஹைப்போதலாமஸே அடிபட்டிருந்தாலும் வரும். சூடு ஏறினால் அடிபட்ட மூளைக்குத் தேவையான சக்தியும் ஆக்சிஜனும் கூடும், அதனால்தான் நர்ஸ்கள் காய்ச்சலை அவ்வளவு விரட்டி விரட்டிக் குறைக்கிறார்கள். கத்திரி வெயிலில் வேலூரில் படுக்கையில் கிடப்பவருக்கு இது இன்னும் முக்கியம்.

கிருமியே வந்துவிட்டால் அது தனிப் பிரச்சினை. ஒருமுறை காயம் பார்த்த மைக்ரோகிளியா பழைய நிலைக்கு முழுசாகத் திரும்புவதில்லை, நீறு பூத்த நெருப்பு மாதிரி இருக்கும். பிறகு நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ வந்தால், உடம்பிலிருந்து கிளம்பும் சைட்டோகைன் சேதிக்கு அது அளவுக்கு மீறிப் பதில் சொல்லி இன்டர்லூக்கின்-1-ஐக் கொட்டும் என்பதை விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள். தேறி வந்தவர் சளி பிடித்ததும் திடீரென்று குழம்பிப் போவதைக் கண்ணால் பார்த்தவள் நான். எனவே படுக்கையில் புரட்டிப் போடுவது, வாய் சுத்தம், யூரின் டியூப் சுத்தம், இதெல்லாம் ஏதோ சில்லறை வேலை என்று நினைக்காதீர்கள். மூளைக்குச் செய்யும் வைத்தியம் அது.

ரத்த டெஸ்ட்லயே மூளைக் காயம் தெரியுமாமே?

ஓரளவு தெரியும். முன்னே சொன்ன ஜிஎஃப்ஏபி ஆஸ்ட்ரோசைட்டிலிருந்து ரத்தத்தில் கசியும். இதையும் யுசிஎச்-எல்1 என்ற நியூரான் புரதத்தையும் சேர்த்துப் பார்க்கும் சோதனைக்கு 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். லேசான அடிக்கு சிடி ஸ்கேன் தேவையா என்று முடிவெடுக்க உதவும் சோதனை அது. ஆள் எப்போது எழுந்து பேசுவார் என்று சொல்லாது.

ஒரு வருஷம் ஆச்சு. ஸ்கேன் நார்மல். ஆனா அவர் பழைய ஆளே இல்ல. சீக்கிரம் களைச்சிடுறார், எரிஞ்சு விழறார். சோம்பேறித்தனமா?

குடியாத்தத்து அக்கா ஒருவர் அழுதுகொண்டே கேட்டது இது, இதற்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். சோம்பேறித்தனம் இல்லை அக்கா. நமக்கு வைரல் காய்ச்சல் வந்தால் சாப்பாடு பிடிக்காது, பேசப் பிடிக்காது, படுத்தே கிடக்கத் தோன்றும். அதைச் செய்வதும் இன்டர்லூக்கின்-1 போன்ற சேதிகள்தான். தலைக்காயத்துக்குப் பிறகு அந்தச் சேதி குறைந்த அளவில் நீண்ட நாள் ஓடிக்கொண்டிருக்கலாம். 2011-ல் வந்த ஒரு பெட் (PET) ஸ்கேன் ஆய்வில், அடிபட்டுப் பல வருஷமானவர்களிடமும், 17 வருஷமான ஒருவரிடம்கூட, மைக்ரோகிளியா இன்னும் விழிப்பாக இருப்பதற்கான அடையாளம் தெரிந்தது. மைக்ரோகிளியா சராசரியாக நான்கு வருஷத்துக்கு மேல் வாழும் செல், சில இருபது வருஷம் தாண்டியும் இருக்கும். அதனால் பழைய நினைவு சீக்கிரம் போவதில்லை.

இன்னொன்று, மயலின். இழைகளின் உறை போயிருந்தால் சேதி மெதுவாகப் போகும், பதில் சொல்ல நேரமாகும், சாதாரண சிடி ஸ்கேன் அதைக் காட்டாது. களைப்புக்கும் கோபத்துக்கும் இது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, தூக்கம், ஹார்மோன் குறைவு, வலிப்பு மாத்திரை, மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அவரை ஒருமுறை மறுவாழ்வுப் பிரிவில் காட்டுங்கள். இந்தியாவில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு முன்னோடியான டாக்டர் மேரி வர்கீஸ், தானே விபத்தில் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தபடி வேலை பார்த்தது நம் வேலூரில்தான்.

அப்ப இந்த இன்டர்லூக்கினைத் தடுக்க மருந்தே வரலையா?

தடுக்கும் மருந்து இருக்கிறது, அனகின்ரா என்று பெயர், மூட்டுவாதத்துக்கு 2001-லிருந்து பயன்பாட்டில் இருப்பது. உடம்பே செய்துகொள்ளும் ஒரு புரதத்தின் நகல் அது, இன்டர்லூக்கின்-1-க்கு முந்திப் போய் ஏற்பியில் உட்கார்ந்துகொள்ளும். கடுமையான தலைக்காயம் பட்ட 20 பேரிடம் இங்கிலாந்தில் கொடுத்துப் பார்த்தார்கள், 2014-ல் முடிவு வந்தது. மருந்து மூளைக்குள் போகிறது, பாதுகாப்பாக இருக்கிறது, சைட்டோகைன் அளவுகளை மாற்றுகிறது என்பது வரை தெரிந்தது. 20 பேரை வைத்து உயிர் பிழைப்பதைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. ஸ்டீராய்டு கேள்வியில் 10,008 பேர் தேவைப்பட்டதை மறக்காதீர்கள். யாராவது மெடிக்கலில் வாங்கிப் போடலாம் என்று சொன்னால் கேட்காதீர்கள்.

பையன் நல்லாயிட்டான் டீச்சர். மறுபடி கபடி ஆடப் போறேன்றான். அனுப்பலாமா?

டாக்டர் எழுதிக் கொடுக்கும் வரை வேண்டாம். நீறு பூத்த நெருப்பு என்று சொன்னேன் இல்லையா, அதன்மேல் இரண்டாவது அடி விழுந்தால் முதல் அடியைவிடச் சின்னதாக இருந்தாலும் மைக்ரோகிளியாவின் பதில் பெரிதாக இருக்கலாம். தலைவலி, வெளிச்சத்தில் கூச்சம், படித்தது மனதில் நிற்காதது, இதில் ஏதாவது ஒன்று மிச்சமிருந்தாலும் உள்ளே வேலை முடியவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுவதும் அப்படித்தான், பின்னால் உட்கார்ந்தாலும் ஹெல்மெட்.

பையன் கேட்க மாட்டான், அது தெரியும். என் தம்பிக்கு டீமில் ஸ்கோர் எழுதும் வேலையைக் கொடுத்தோம், முதல் வாரம் முறைத்தான், அப்புறம் நோட்டை யாரிடமும் கொடுக்கவில்லை.